தாத்தாவின் பெயர் தாங்கிய குதிரை

புதுதில்லி: தில்லியில் இந்தியா கேட் அருகே உள்ள பரோடா ஹவுஸ், வடக்கு ரயில்வேயின் தலைமையகம். பரோடா சமஸ்தானத்தின் கெய்க்வாட் மன்னர்களுக்காக எட்வின் லுட்யன்ஸ் வடிவமைத்த மாளிகை இது. சமஸ்தானம் மறைந்துவிட்டது. ஆனால் அதன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஒரு பந்தயக் குதிரையின் பெயர் பிரிட்டிஷ் குதிரைப் பந்தய வரலாற்றில் இன்றும் இருக்கிறது. அக்குதிரையின் பெயர் சயாஜிராவ்.

இந்தியா விடுதலை பெற்ற மறுமாதமே, இங்கிலாந்தின் மிகப் பழைமையான பெரும் பந்தயங்களுள் ஒன்றில் இக்குதிரை வாகை சூடியது. அதற்கு அடுத்த நான்கே ஆண்டுகளில் அதன் உரிமையாளர், இந்தியக் குடியரசால் மன்னர் என்னும் அங்கீகாரத்தை இழந்தார். குதிரையின் வரலாறும் மன்னரின் வரலாறும் பின்னிப் பிணைந்த அந்த ஆறு ஆண்டுகள், பரம்பரைப் பெருமை குறித்துப் பல கேள்விகளை எழுப்புகின்றன.

28 ஆயிரம் கினி

1945-ல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட் ஏலத்தில் ஒரு வயதுக் குட்டி ஒன்று 28 ஆயிரம் கினிக்கு விலைபோனது. ஒரு வயதுக் குட்டிக்கு அதுவரை அங்கு யாரும் அவ்வளவு விலை கொடுத்ததில்லை. ஒரு கினி என்பது 21 ஷில்லிங். அந்தக் கணக்கில் விலை 29,400 பவுண்டு. அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 3 லட்சத்து 92 ஆயிரம் ரூபாய். வாங்கியவர் பரோடா மன்னர் பிரதாப்சிங்ராவ் கெய்க்வாட்.

இந்த விலை முழுக்க முழுக்கக் குருதி வழிக்குக் கொடுக்கப்பட்ட விலை. அந்தக் குட்டி அதுவரை ஒரு பந்தயத்திலும் ஓடியதில்லை. ஆனால் அதன் உடன்பிறந்த அண்ணனான டான்டே, அதே ஆண்டு ஜூன் மாதம் டெர்பி பந்தயத்தில் வென்றிருந்தது. இரண்டுக்கும் தாய் ரோஸி லெஜண்ட், தந்தை நியர்கோ.

நியர்கோ இத்தாலியில் ஃபெடரிகோ டெஸியோ வளர்த்த குதிரை. ஓடிய 14 பந்தயங்களிலும் தோல்வி காணாத அது, 1938-ல் 60 ஆயிரம் பவுண்டுக்கு விற்கப்பட்டு இங்கிலாந்து வந்தது. போர்க்காலத்தில் குண்டுவீச்சிலிருந்து காக்க அதற்கெனத் தனிப் பதுங்குமிடமே கட்டப்பட்டது. இன்று உலகெங்கும் ஓடும் உயர்ரகப் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றின் வம்சாவளியில் நியர்கோவின் பெயர் இருக்கிறது.

"தாரோபிரெட்" எனப்படும் இந்த இனத்தின் ஆண்வழி, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கீழை நாடுகளிலிருந்து இங்கிலாந்து சென்ற மூன்று குதிரைகளிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு குட்டியின் தாய், தந்தை விவரமும் வம்சாவளிப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். செயற்கை முறைக் கருவூட்டலுக்கு இந்த இனத்தில் இடமில்லை.

தோல்வியில் தொடங்கிய ஆண்டு

வாங்கிய குட்டிக்குப் பிரதாப்சிங்ராவ் தம் தாத்தா மூன்றாம் சயாஜிராவின் பெயரைச் சூட்டினார். நியூமார்க்கெட்டில் வாரன் பிளேஸ் என்னும் லாயத்தையும் வாங்கி, சாம் ஆம்ஸ்ட்ராங்கைப் பயிற்சியாளராக அமர்த்தினார். இந்தியாவில் அவரது குதிரைகளை ஓட்டிய ஆஸ்திரேலிய ஜாக்கி எட்கர் பிரிட்டும் இங்கிலாந்து சென்றார்.

மன்னருக்குப் பந்தயம் புதிதன்று. 1943-ல் பம்பாய் மகாலட்சுமியில் நடந்த முதலாவது இந்திய டெர்பியில் வென்ற "பிரின்சஸ் பியூட்டிஃபுல்" அவருடைய குதிரைதான்.

மூன்று வயதுக் குதிரைகளுக்கான 1947-ஆம் ஆண்டுப் பெரும் பந்தயங்களில் சயாஜிராவின் தொடக்கம் சிறப்பாக இல்லை. ஒரு மைல் தூரம் கொண்ட "2000 கினி" பந்தயத்தில் டியூடர் மின்ஸ்ட்ரல் என்னும் குதிரை எட்டுக் குதிரை நீள இடைவெளியில் வென்றது. சயாஜிராவ் மூன்றாவது. ஒன்றரை மைல் தூரமுள்ள எப்ஸம் டெர்பியிலும் மூன்றாவது இடமே. பிரான்ஸிலிருந்து வந்த பேர்ல் டைவர் முதலிடமும், ஆகா கானின் மிகோலி இரண்டாமிடமும் பெற்றன.

ஆனால், தூரம் கூடக் கூட இந்தக் குதிரையின் வலிமை வெளிப்பட்டது. அயர்லாந்தின் கரா திடலில் நடந்த ஐரிஷ் டெர்பியில் வென்றது. செப்டம்பரில் டான்காஸ்டரில் செயின்ட் லெஜர். 1776-ல் தொடங்கிய இந்தப் பந்தயத்தின் தூரம் ஒன்றே முக்கால் மைலுக்கும் சற்று அதிகம். அதில் பிரெஞ்சுக் குதிரையான அர்பாரை ஒரு தலை நீள இடைவெளியில் முந்தி, எட்கர் பிரிட் செலுத்திய சயாஜிராவ் வென்றது. டெர்பியில் தன்னை வென்ற மிகோலியை இம்முறை மூன்றாமிடத்துக்குத் தள்ளியது. அடுத்த ஆண்டு ஆஸ்காட்டில் ஹார்ட்விக் பந்தயத்திலும் வெற்றி. அதே 1948-ல் மன்னரின் மற்றொரு குதிரையான "மை பாபு", 2000 கினி பந்தயத்தை வென்றது.

பெயருக்கு உரியவர்

குதிரை யார் பெயரைத் தாங்கியதோ, அந்த மூன்றாம் சயாஜிராவ் அரச மாளிகையில் பிறந்தவர் அல்லர். தவறான ஆட்சிக்காக மல்ஹர்ராவை 1875-ல் பிரிட்டிஷ் அரசு பதவி நீக்கியபோது, கவ்லானா என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் வளர்ந்த எழுத்தறியாச் சிறுவன் ஒருவன் தத்தெடுக்கப்பட்டு அரியணை ஏற்றப்பட்டான். கெய்க்வாட் குலத்தின் தொலைதூரக் கிளையைச் சேர்ந்தவன் அவன். அவன் பருவம் எய்தும் வரை சமஸ்தானத்தைச் சீர்செய்தவர், கும்பகோணத்தில் பிறந்த திவான் சர் டி. மாதவராவ்.

அந்தச் சிறுவன் வளர்ந்து, 1906-ல் சமஸ்தானம் முழுவதும் கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தார். 1913-ல் பி.ஆர். அம்பேத்கர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று படிக்க, மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை அளித்தவர் அவரே. மொத்தம் 414 பவுண்டு. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு மாறியிருந்தது என்பது உண்மை. ஆயினும், பேரன் ஒரு குதிரைக்குக் கொடுத்த விலை, தாத்தா வழங்கிய அத்தகைய உதவித்தொகை 71-க்குச் சமம்.

படிப்பு முடிந்து பரோடாவில் பணியேற்ற அம்பேத்கர், தீண்டாமையால் தங்க இடமின்றி வெளியேற நேர்ந்தது என்பதையும் மறப்பதற்கில்லை. மன்னரின் நல்லெண்ணம் மாளிகைக்கு வெளியே எவ்வளவு தூரம் செல்லுபடியானது என்பதை அது காட்டியது.

366 (22)

1939-ல் பட்டத்துக்கு வந்த பிரதாப்சிங்ராவ், சமஸ்தானக் கருவூலத்திலிருந்து பெருந்தொகைகளை எடுத்திருந்தது, விடுதலைக்குப் பிந்தைய கணக்குத் தணிக்கையில் தெரியவந்தது. 21 குண்டு மரியாதை பெற்ற ஐந்து சமஸ்தானங்களுள் ஒன்றான பரோடா, 1949 மே 1-ல் பம்பாய் மாகாணத்துடன் இணைந்தது. மன்னர் மானியமாக ஆண்டுக்கு 26.5 லட்சம் ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது.

அதன் பின்னரும் பிரதாப்சிங்ராவ் மற்ற மன்னர்களைத் திரட்டி மத்திய அரசுக்கு எதிராகக் குரல் எழுப்பினார். 1951-ல் அவருக்கான அங்கீகாரத்தைக் குடியரசுத் தலைவர் விலக்கிக்கொண்டார். மகன் ஃபதேசிங்ராவ் மன்னராக அங்கீகரிக்கப்பட்டார். பின்னாளில் அவர் மக்களவை உறுப்பினராகவும் ஆனார். மன்னர் யார் என்பதைக் குடியரசுத் தலைவரின் அங்கீகாரத்தைப் பொறுத்ததாக்கியது அரசியல் சட்டத்தின் 366 (22) பிரிவு. அச்சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவர், பரோடாவின் உதவித்தொகையில் படித்த அம்பேத்கர்.

அதே பிரிவைக் கொண்டுதான் 1970-ல் இந்திரா காந்தி அரசு எல்லா மன்னர்களின் அங்கீகாரத்தையும் ஒரே நாளில் நீக்கியது. உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1971-ல் 26-வது திருத்தத்தின் மூலம் மன்னர் மானியம் முற்றாக ஒழிக்கப்பட்டது. பிரதாப்சிங்ராவ் அதற்கு முன்பே, 1968-ல், லண்டனில் காலமாகிவிட்டார்.

எஞ்சியவை

பந்தயங்களிலிருந்து ஓய்வு பெற்ற சயாஜிராவ், பொலிகுதிரையாகவும் பெயர் பெற்றது. நெடுந்தூரம் ஓடும் ஆற்றல் அதன் வாரிசுகளுக்கும் வாய்த்தது. அதன் மகள் கிளாட்னஸ் 1958-ல் ஆஸ்காட் தங்கக் கோப்பையையும், மகன் இண்டியானா 1964-ல் தந்தை வென்ற அதே செயின்ட் லெஜரையும் வென்றன. மன்னர் வாங்கிய வாரன் பிளேஸ் லாயம் வேறு கைகளுக்கு மாறியது. ஓடிய 14 பந்தயங்களிலும் வென்று 2012-ல் ஓய்வு பெற்ற ஃபிராங்கெல் அங்குதான் பயிற்சி பெற்றது. அதுவும் நியர்கோவின் நேர்வழி வாரிசே.

உயர்ந்த வம்சத்தில் பிறந்த குதிரையும் திடலில் ஓடி வென்றால்தான் அதன் குருதிக்கு மதிப்பு. சயாஜிராவ் அதைச் செய்துகாட்டியது. அரியணைகளுக்கு அத்தகைய சோதனை இருந்ததில்லை. குடியரசு வந்த பிறகே அது வந்தது.

பிரதாப்சிங்ராவ் தாத்தாவின் பெயரைச் சூட்டியது குதிரைக்கு மட்டுமன்று. சமஸ்தானம் இணைந்த அதே 1949-ல், தாத்தாவின் நெடுநாள் விருப்பத்தை நிறைவேற்றி அவர் தோற்றுவித்த பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் ஆயிரக்கணக்கானோர் இன்றும் படிக்கின்றனர்.