ஒரு வீடு, இரண்டு எண்கள்

கிண்டியிலோ அடையாற்றிலோ ஒரு விலாசத்தைத் தேடிப் போனால், பல வாசல்களில் இரண்டு எண்களைக் காண்பீர்கள்: பழைய எண், புதிய எண். வீடு ஒன்றுதான். இரு எண்களையும் பொருத்திப் பார்க்கத் தெரிந்த தபால்காரர் தடுமாறுவதில்லை.

கணிப்பொறியின் நினைவகத்திலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. நிரல் கேட்பது ஒரு கற்பனை முகவரி. நினைவகத்தில் உள்ள உண்மை முகவரி வேறு. நினைவகத்தைப் பெரும்பாலும் 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று ஓர் அட்டவணையில் எழுதி வைக்கிறார்கள்.

ஒரே கணிப்பொறியில் பல இயங்குதளங்களைத் தனித்தனிக் குடித்தனங்களாக வைத்து நடத்தும் நிரலுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். யாருக்கு எந்தப் பக்கம் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. அட்டவணையில் ஒரு வரி பிசகினால், ஒருவர் பெட்டி அடுத்தவருக்குத் திறந்துவிடும். பெட்டியில் வங்கிக் கணக்கு இருந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தோன்றி 2003-ல் வெளியான 'ஸென்' அத்தகைய ஹைப்பர்வைசர். ஒரு பக்கத்தைத் தொட வேண்டுமானால் அதற்கும் ஒரு கற்பனை முகவரி வேண்டும். 64-பிட் ஆர்ம் செயலியில் முகவரிகளுக்குப் பஞ்சமில்லை. நினைவகம் முழுவதையும் நிரந்தரமாகப் பொருத்தி வைத்துவிடலாம். 32-பிட் ஆர்மில் உள்ள முகவரிகளோ சுமார் 429 கோடிதான். அதே வகைச் செயலிகளில் சில, 40-பிட் அளவுக்கு, அதாவது ஒரு லட்சம் கோடி பைட்டுக்கும் மேல், நினைவகத்தை ஏற்கக் கூடியவை! ஆகவே தேவைப்படும் பக்கத்துக்கு ஒரு ஜன்னலைத் திறந்து, வேலை முடிந்ததும் மூட வேண்டும்.

இதற்காக இரண்டு ஹைப்பர்வைசர்கள் எழுதுவதா? வேண்டாம். பொது நிரல் எங்கும் "ஜன்னலைத் திற", "மூடு" என்றே சொல்லட்டும். 64-பிட் ஆர்மில் "திற" என்பது ஒரு சிறு கூட்டல் கணக்கு. "மூடு" என்பது ஒன்றுமே செய்யாது. எது வேண்டும் என்பதைக் கம்பைல் செய்யும்போதே ஒரு தேர்வுக் குறி முடிவு செய்கிறது. அந்தக் குறி "நீ 32-பிட்டா?" என்று கேட்பதில்லை, "உனக்கென்று தனி ஏற்பாடு உண்டா?" என்றுதான் கேட்கிறது. இது மிகப் புத்திசாலித்தனமான கேள்வி என்பேன். ஏனெனில் எக்ஸ்86 செயலி 64-பிட்டாக இருந்தும், வேறு காரணங்களுக்காகத் தனி ஏற்பாடு வைத்திருக்கிறது.

புதிதாக வருபவருக்கு இதனால் பெரிய நன்மை. கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'சக்தி' செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுபவை. 2018-ல் சக்தி சில்லு ஒன்றில் லினக்ஸ் இயங்கியது. ஹைப்பர்வைசருக்கான ரிஸ்க்-ஃபைவ் விதிகள் 2021-ல் உறுதியாயின. "ஆர்ம் என்றால் இப்படி, எக்ஸ்86 என்றால் அப்படி" என்று நிரலெங்கும் எழுதியிருந்தால், ரிஸ்க்-ஃபைவுக்காக அத்தனை இடங்களையும் தேடித் திருத்த வேண்டும். தேர்வுக் குறி இருந்தால், 64-பிட் ரிஸ்க்-ஃபைவ் அதைத் தொடாமலே பொது ஏற்பாட்டைப் பெற்றுக்கொள்ளும்.

ஒரு தொல்லை மட்டும் உண்டு. 64-பிட் ஆர்மில் ஜன்னலை மூட மறந்தாலும் எதுவும் நடக்காது; சோதனையில் பிழை தெரியாது. அதே நிரலை 32-பிட் ஆர்மில் ஓட்டினால், திறந்த ஜன்னல்கள் திறந்தபடியே சேர்ந்து, ஒரு நேரத்தில் புதிதாகத் திறக்க ஒன்றும் மிஞ்சாது. கணிப்பொறி அங்கேயே நின்றுவிடும்.