நின்று போன நயாகரா!

குழாயைத் திருகினால் தண்ணீர் நின்று விடும். அருவியை அப்படி நிறுத்த முடியுமா? அதுவும் நயாகரா அருவியை?

நான் ஆசிரியராக வேலை பார்த்த காலத்தில், ஐந்தாம் வகுப்பில் நயாகராவின் படத்தைக் காட்டிப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். ஒரு வாண்டு எழுந்து, "சார், இவ்வளவு தண்ணி கொட்டுதே... ராத்திரியிலயும் கொட்டுமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, "பின்னே, ராத்திரி தூங்கவா போகும்?" என்று சொல்லி உட்கார வைத்து விட்டேன். பல நாள் கழித்து நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது தான், சிரித்தது தப்பு என்று புரிந்தது. அவன் கேட்டது ரொம்ப நல்ல கேள்வி, குழந்தைகளே!

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே எல்லைக்கோடு போல ஓடுவது நயாகரா ஆறு. ஈரி என்ற ஏரியில் கிளம்பி, ஒன்டாரியோ ஏரியில் போய்ச் சேருகிறது. நீளம் என்னவோ வெறும் 58 கி.மீ., தான். ஆனால், வழியில் அது குதிக்கிற குதி இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் உலகமே போகிறது.

நயாகரா ஓர் அருவி அல்ல, மூன்று அருவிகள். வளைந்து, குதிரை லாடம் போல இருப்பது லாட அருவி. இதுதான் பெரியது. உயரம், 57 மீட்டர். ஏறக்குறைய 18 மாடிக் கட்டடம்! பக்கத்தில் அமெரிக்க அருவி. அதை ஒட்டி, மணப்பெண்ணின் முகத்திரை போல மெல்லியதாக இன்னொன்று. லாட அருவியையும் மற்ற இரண்டையும் பிரித்தபடி நடுவில் நிற்பது ஆட்டுத் தீவு. ஆற்று நீரில் பத்தில் ஒன்பது பங்கு லாட அருவி வழியாகத்தான் விழுகிறது.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம்.

சுற்றுலாப் பயணிகள் வரும் கோடைக்காலப் பகல் நேரத்தில், அருவியில் நொடிக்கு 28 லட்சம் லிட்டர் தண்ணீராவது விழ வேண்டும். ஒரு தண்ணீர் லாரியில் 12 ஆயிரம் லிட்டர் என்று வைத்துக் கொண்டால், 'ஒன்று' என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் 230 லாரித் தண்ணீர்! ராத்திரியானால்? பாதி போதும். குளிர்காலத்தில் பகலிலும் பாதி போதும். அமெரிக்காவும் கனடாவும், 1950ல் இப்படி ஒரு ஒப்பந்தம் போட்டுக் கொண்டன. மீதித் தண்ணீர், அருவிக்கு முன்னாலேயே சுரங்கப் பாதைகளுக்குள் திருப்பப்பட்டு, இரண்டு நாட்டு மின் நிலையங்களுக்கும் போகிறது. ஆக, ராத்திரியில் நயாகரா தூங்குவதில்லை. பாதிக் கண்ணை மூடிக் கொள்கிறது!

ஒரு முறை இரண்டு கண்களையும் மூடியது. அது, 1848 மார்ச் மாதக் கடைசி.

அருவியின் பேரிரைச்சலைக் கேட்டபடியே தூங்கிப் பழகியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். திடீரென்று இரைச்சல் நின்று போனது. நிசப்தம்! பதறிப் போய் ஓடிப் பார்த்தால், அருவி இருந்த இடத்தில் வெறும் ஈரப் பாறை. ஆற்றை நம்பிச் சுழன்ற ஆலைச் சக்கரங்கள் நின்று விட்டன. உலகம் அழியப் போகிறது என்று பயந்து, சர்ச்சுக்கு ஓடிப் பிரார்த்தனை செய்தவர்கள் பலர். துணிச்சல்காரர்களோ, ஆற்றுப் படுகையில் இறங்கியே நடந்தனர். 1812ல் தொடங்கிய போரின் துப்பாக்கிகளும், துப்பாக்கி முனைக் கத்திகளும் அவர்களுக்குக் கிடைத்தன.

காரணம், பனிக்கட்டி. பலத்த காற்றில் ஈரி ஏரியின் பனிப்பாளங்கள் அடித்து வரப்பட்டு, ஆறு தொடங்கும் வாயில் அணை மாதிரி அடைத்துக் கொண்டன. மார்ச் 31ம் தேதி இரவு அடைப்பு உடைந்தது. தண்ணீர் உறுமிக் கொண்டு வந்து சேர்ந்தது. அன்று தான் ஊர் நிம்மதியாகத் தூங்கியிருக்கும், அந்த இரைச்சலில்!

அடுத்த முறை நிறுத்தியது மனிதர்கள். 1969ல், வேண்டுமென்றே.

ஏன் என்று சொல்கிறேன். மண் சுவரின் அடிப்பாகம் மழையில் கரைந்தால், மேலே இருக்கும் கூரை என்ன ஆகும்? இடிந்து விழும். நயாகராவிலும் அதே கதை தான். மேலே கெட்டியான பாறை. கீழே சுலபமாக உதிரும் களிப்பாறை. அடிப்பாறை அரிக்கப்பட, அந்தரத்தில் நிற்கும் மேல்பாறை உடைந்து விழுகிறது. அருவி ஓர் அடி பின்வாங்குகிறது. இப்படியே 12 ஆயிரம் ஆண்டுகளில் 11 கி.மீ., பின்னால் நகர்ந்து வந்திருக்கிறது நயாகரா. மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் திருப்பிய பிறகு தான் இந்த வேகம் குறைந்தது.

லாட அருவியில், விழும் பாறைகளை வெள்ளம் அடித்துக் கொண்டு போய் விடும். அமெரிக்க அருவியில் அவ்வளவு தண்ணீர் கிடையாது. விழுந்தது விழுந்தபடி கிடக்கும். 1954ல் மட்டும் ஒரே சரிவில், 1 லட்சத்து 85 ஆயிரம் டன் பாறை விழுந்தது! அடியில் குவியல் ஏறிக்கொண்டே போனது. 'இப்படியே போனால், அருவி போய் வெறும் பாறைச் சரிவு தான் மிஞ்சும்' என்று மக்கள் கவலைப்பட்டனர். பாறைகளை அள்ளி விடலாமா என்று பார்ப்பதற்காக, அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் வந்தனர்.

ஆட்டுத் தீவுக்கும் கரைக்கும் இடையே, லாரி லாரியாகக் கல்லும் மண்ணும் கொட்டி, தற்காலிக அணை எழுப்பினர். தண்ணீர் முழுவதும் லாட அருவிப் பக்கம் திரும்பியது. ஜூன் 12ம் தேதி, அமெரிக்க அருவி காய்ந்து போனது. பயணிகள் காலங்காலமாக வீசிய காசுகள் பாறை இடுக்குகளில் மின்னின. காய்ந்த அருவியைப் பார்க்கவும் கூட்டம் வந்தது. அதற்கென்றே நடைபாதை போட்டுக் கொடுத்தனர். எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. தண்ணீர் இல்லாமல் களிப்பாறை காய்ந்து வெடித்து விடக் கூடாதே என்று, குழாய் போட்டு அதன் மேல் தண்ணீர் தெளித்தனர். அருவிக்குத் தண்ணீர் தெளித்தவர்கள் உலகத்திலேயே இவர்கள் மட்டும் தான் இருப்பார்கள்!

பாறையில் துளை போட்டுச் சோதித்தனர். ஆடிக் கொண்டிருந்த பகுதிகளை இரும்புக் கம்பிகளால் இறுக்கினர். கடைசியில், நவம்பர் 25ம் தேதி அணையை உடைத்து, தண்ணீரைத் திறந்து விட்டனர்.

குவியலை அள்ளினார்களா? இல்லை. அடியில் கிடக்கும் பாறைகளே மேலே உள்ள பாறைச் சுவருக்கு முட்டுக் கொடுத்துக் கொண்டிருக்கலாம் என்று தெரிய வந்தது. அருவி என்றால் தேயும், உடையும், இடம் மாறும். அதைத் தடுக்க வேண்டாம் என்று இரண்டு நாடுகளும் முடிவு செய்தன. நானாக இருந்திருந்தால், இரண்டு பாறையையாவது நகர்த்திப் பார்த்திருப்பேன். கை சும்மா இருக்காது!

ஆட்டுத் தீவுக்குப் போக, 1901ல் கட்டிய பாலங்கள் பழுதாகி விட்டதால், அமெரிக்க அருவியை இன்னொரு முறை நிறுத்தலாமா என்று 2016ல் பேச்சு எழுந்தது. அப்படி நிறுத்தினால், 1969ல் பார்த்தவர்களுக்குப் பிறகு அந்தக் காய்ந்த பாறைச் சுவரைப் பார்க்கப் போவது, உங்களில் ஒருவராகக் கூட இருக்கலாம். போனால், இடுக்கில் எத்தனை காசு கிடக்கிறது என்று எனக்கும் எண்ணிச் சொல்லுங்கள்!