கணினிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பத்துப் பொருத்தம் பார்த்துக் கலியாணம் செய்யும் நம்மவர்கள், வெவ்வேறு நாடுகளிலே செய்யப்பட்டு ஒரு பெட்டிக்குள்ளே ஒன்றாகக் குடியிருக்கப் போகும் இயந்திர உறுப்புகளுக்கு மாத்திரம் பொருத்தம் பார்ப்பதில்லை. ‘விலை கூடியதெல்லாம் நல்லது’ என்ற ஒரே நம்பிக்கையுடன் கடைக்குச் செல்கின்றனர். வீடு திரும்பிய பின்னர் ஒன்று மற்றொன்றில் அமராது. அமர்ந்தாலும் திரை விழிக்காது.

அச்சுவேலியை எண்ணிப் பாருங்கள். செம்மண் தோட்டங்களிலே வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளைவித்து வாழும் குடும்பங்கள் நிறைந்த வலிகாமம் கிழக்குப் பகுதி அது. அங்கே ஒரு வீட்டார் கணினி வாங்குவதென்றால், ஒரு போகத்து வெங்காயப் பணமோ, கட்டி எடுத்த சீட்டுக் காசோ, கடல் கடந்து வாழும் மாமன் அனுப்பிய தொகையோ ஒரே நாளிற் கைமாறுகின்றது. உறையைப் பிரித்த சாமானைக் கடைக்காரர் மீண்டும் ஏற்பது அரிது. கொழும்பிலே வாங்கியிருந்தாலோ போக்குவரத்துச் செலவும் சேரும். ஆகவே பொருத்தம் பார்ப்பதைப் பணம் எண்ணிக் கொடுப்பதற்கு முன்னரே செய்துவிடல் வேண்டும்.

பிள்ளை கேட்பது விளையாட்டுக்கான கணினி என்றதும் பெற்றோரின் முகம் சுருங்குவது இயல்பே. ஆனால் விளையாட்டை ஓட்டவல்ல கணினி, நிகழ்படம் தொகுக்கவும், வீட்டுப்படம் வரையவும், புறோகிறாம் எழுதிப் பழகவும் வல்லது. எனவே விளையாட்டு நேரத்துக்குக் கட்டுப்பாடு விதியுங்கள்; கணினியின் தரத்தைக் குறைத்துத் தண்டனை விதிக்க வேண்டா.

உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பூட்டும் வசதி எப்படி வந்தது? 1981 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டபோது, பிறர் செய்த உறுப்புகளையே பெரும்பாலும் கொண்டு அதனைக் கட்டியது. அதன் அமைப்பு விவரங்களையும் வெளியிட்டது. அதனால் வேறு நிறுவனங்களும் அதற்கு இசைந்த உறுப்புகளைச் செய்யத் தொடங்கின. 1995 இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுத் திட்டத்தை வகுத்தது. ஆணித் துளை எங்கே இருக்க வேண்டும், மின்சாரம் எந்த முனையால் வரவேண்டும் என்பனவெல்லாம் அதன் மூலம் ஒழுங்காயின. இவ்வொழுங்குகளை அறிந்துகொள்வதே நாம் பார்க்கவேண்டிய பொருத்தம்.

முதலில் தேவை, பின்னரே சாமான்

எந்த விளையாட்டு, எந்தத் திரை என்பதே முதற் கேள்வி. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட சாதாரணத் திரையிலே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. அவற்றை ஒரு செக்கனுக்கு 60 முறை புதிதாக வரைந்தாலே ஓட்டம் வழுவழுப்பாகத் தோன்றும். 3840க்கு 2160 என்ற பெரிய திரைக்கோ வேலை நான்கு மடங்காகும். இவ்வரைதல் வேலையைச் செய்வது கிராபிக்ஸ் காட். பந்து எங்கே செல்லும், எதிரி எங்கே பதுங்குவான் என்று கணக்கிடுவது புரொசசர். மிக உயர்ந்த கிராபிக்ஸ் காட்டை மெலிந்த புரொசசருடன் சேர்ப்பது, காளையையும் கன்றையும் ஒரே நுகத்திற் பூட்டுவது போலாம். வண்டி கன்றின் வேகத்திலேயே செல்லும். காளைக்குக் கொடுத்த விலை வீணாகும்.

புரொசசரும் மதர்போட்டும்

மதர்போட் என்னும் தாய்ப்பலகையிலே புரொசசர் அமரும் இருக்கைக்கு ‘சொக்கெற்’ என்று பெயர். இன்டெல் புரொசசர் ஏ.எம்.டி. நிறுவனத்தின் இருக்கையில் அமராது. ஒரே நிறுவனத்துக்குள்ளும் தலைமுறை மாறும்போது இருக்கை மாறும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம். 4 இருக்கை 2016 இல் வந்தது. 2022 இல் வந்த ஏ.எம். 5 இருக்கையில் பழையன அமரா. இன்டெலின் 12, 13, 14 ஆம் தலைமுறைகளுக்குரிய இருக்கை எல்.ஜி.ஏ. 1700, அவ்வெண் தொடுமுனைகளின் தொகை.

இருக்கை ஒன்றானாற் போதுமோ? போதாது. 2018 இல் வெளிவந்த பி 450 பலகைகளில் 2022 இல் வெளிவந்த ரைசன் 5 5600 அமரும். ஆயினும் பலகையிலுள்ள ‘பயோஸ்’ என்னும் தொடக்க ஏற்பாடு பழையதாயின், புதிய விருந்தாளியை அதற்கு அடையாளம் தெரியாது. காற்றாடி சுழலும், திரை இருண்டே கிடக்கும். பலகை செய்தவரின் பட்டியலிலே அந்தப் புரொசசரின் பெயரும், அதற்கு வேண்டிய பயோஸ் இலக்கமும் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். விற்பவரிடமே பயோஸைப் புதுப்பித்துத் தரும்படி கேட்பதும் தகும்.

கைப்பணம் குறைந்தவருக்கு ஏ.எம். 4 மலிவு. பின்னாளில் புரொசசரை மாத்திரம் மாற்ற எண்ணுபவருக்கு ஏ.எம். 5 நன்று; அதனை 2027 வரையேனும் தொடர்வதாக அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது.

றாம், சேமிப்பகம், கிராபிக்ஸ் காட்

றாம் என்னும் நினைவகத்தில் டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என இருவகை இப்போது வழங்குகின்றன. இரண்டிலும் 288 தொடுமுனைகளே உண்டு, நீளமும் ஒன்றே. ஆனால் நடுவிலுள்ள வெட்டு சற்று விலகி இருப்பதால் ஒன்று மற்றதன் இடத்தில் இறங்காது. பலவந்தமாக அழுத்தினாற் பலகைதான் உடையும். ஏ.எம். 4 பலகை டி.டி.ஆர். 4 ஐயும், ஏ.எம். 5 பலகை டி.டி.ஆர். 5 ஐயும் ஏற்கும். எல்.ஜி.ஏ. 1700 பலகைகளில் இருவகையும் உண்டாதலால், பெட்டியின் மேலுள்ளதைப் படித்தே வாங்குக. 16 ஜி.பி. வேண்டுமாயின் ஒரே பட்டையாக வாங்காமல் 8 ஜி.பி. பட்டைகள் இரண்டாக வாங்குவது வேகத்துக்கு நல்லது. இரண்டு வழியாலும் தகவல் ஒருங்கே ஓடும்.

எம். 2 என்னும் சிறு சேமிப்பகத்திலும் ஒரு மயக்கம் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலிருந்தும், சில ‘சாட்டா’ முறையிலும் சில ‘என்.வி.எம்.இ.’ முறையிலும் இயங்குகின்றன. பின்னதே மிக விரைவானது. பலகை எதனை ஏற்கும் என்பதை அதன் கைந்நூல் கூறும்.

கிராபிக்ஸ் காட்டின் துளை பெரும்பாலும் எல்லாப் பலகைகளுக்கும் பொது. புதியது பழையதிலும், பழையது புதியதிலும் அமரும். அதிலே பார்க்கவேண்டியவை நீளமும் மின்வலுவுமே. சில காட்டுகள் 300 மில்லிமீற்றரையும் தாண்டும். கேசிங் அதற்கு இடங்கொடுக்குமோ என்று அளந்து பார்க்க வேண்டும். மற்றொன்று: பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்ற எழுத்துள்ள இன்டெல் புரொசசர்களுக்கும், ரைசன் 5 5600 போன்றவற்றுக்கும் படம் காட்டும் ஆற்றல் தமக்குள் இல்லை. ‘காட்டை அடுத்த வருடம் வாங்குவோம்’ என்று அவற்றை வாங்கிவைத்தால், அதுவரை திரையில் ஒன்றும் தோன்றாது.

கேசிங்கும் காற்றும்

ஏ.டி.எக்ஸ். பலகையின் அளவு 305க்கு 244 மில்லிமீற்றர், மைக்குரோ ஏ.டி.எக்ஸ். நாற்புறமும் 244; மினி ஐ.டி.எக்ஸ். நாற்புறமும் 170. பெரிய கேசிங்கிற் சிறிய பலகையைப் பூட்டலாம். சிறியதிற் பெரியதைப் பூட்ட இயலாது. புரொசசரின் மேல் நிற்கும் குளிரூட்டியின் உயரத்தையும் பார்த்தல் வேண்டும். முன்புறம் கண்ணாடியால் அடைத்து, வண்ண விளக்குகள் மின்னும் பெட்டிகள் பிள்ளைகளின் மனத்தைக் கவரும். நமது சித்திரை வெயிலுக்கும் செம்மண் புழுதிக்கும் ஏற்றது, முன்புறம் வலையிட்டுக் காற்று புகுந்து வெளியேறத் தக்கதாய், கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடியுள்ள பெட்டியேயாகும்.

சிக்கனம் கூடாத இடம்

இனி யாவற்றினும் முக்கியமானது பவர் சப்ளை என்னும் மின்வலு வழங்கி. 1990 இன் பின் மின்சாரமே அற்றுப்போன ஆண்டுகளிலே, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட குடாநாட்டாருக்கு மின்சாரத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2022 மார்ச்சு இறுதியில் நாடெங்கும் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதியோ, பாணந்துறை உப மின்நிலையத்திற் புகுந்த ஒரு குரங்கினால் நாடு முழுவதும் இருண்டது. நின்று நின்று வரும் மின்சாரத்தை முதலில் தாங்குவது இவ்வுறுப்பே; இது கெட்டால் மற்றவற்றையும் கெடுக்கக்கூடும்.

கணக்கு எளிது. புரொசசருக்கு உச்ச வேளையில் 90 வாற்று என்று வைத்துக்கொள்வோம். 2023 இல் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4060 காட்டுக்கு 115 வாற்று. மிகுதி யாவற்றுக்கும் 70. மொத்தம் 275. அக்காட்டுக்கு 550 வாற்று வழங்கி வேண்டும் என்பது என்விடியாவின் சிபாரிசு. பாதி வலுவில் ஓடும் வழங்கி குளிர்ந்து, நீண்ட காலம் உழைக்கும்.

“இது 700 வாற்ஸ் தம்பி, பயப்பிடாமல் கொண்டு போங்கோ” என்று பெயரறியாத பெட்டி ஒன்றை மலிவாக நீட்டுவோரும் உளர். மேலே எழுதிய எண் பெரிதாயிருப்பதில் யாது பயன்? ‘80 பிளஸ்’ முத்திரையும், பெயர்பெற்ற நிறுவனத்தின் எழுத்து மூலமான உத்தரவாதமும் இருந்தாலன்றித் தொடாதீர்கள். பலகைக்கு 24 முனை, புரொசசருக்கு 8 முனை, காட்டுக்கு வேண்டிய முனை ஆகிய மூன்றும் உள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள். கழற்றிப் பூட்டும் வயர்களைக் கொண்ட வழங்கியாயின், வேறொன்றின் வயரை அதிற் செருகவே கூடாது. முனை ஒத்திருந்தாலும் உள்ளே வயர்களின் வரிசை மாறியிருக்கலாம். ஒரு கணத்தில் முழுச் சாமானும் கருகிவிடும்.

யு.பி.எஸ். வாங்குவோர் 650 வீ.ஏ. என்பதை 650 வாற்று என மயங்கலாகாது. பெரும்பாலும் அது 400 வாற்றுக்குக் குறைவாகவே தாங்கும். கணினியோடு திரையின் தேவையையும் கூட்டிப் பாருங்கள். மின்சாரம் நின்றபின் விளையாட்டைத் தொடர்வதற்கன்று. எழுதியதைச் சேமித்து ஒழுங்காக நிறுத்துவதற்கே அது உதவும். கணினி பூட்டும் பிளக்குக்கு எர்த் உண்டா என்பதையும் மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலின்போது வயரைக் கழற்றி வைப்பதே சிறந்த காவல்.

ஒரு தாள் போதும்

மாணவர்களே! கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுங்கள். இருக்கையின் பெயர், பயோஸ் இலக்கம், றாமின் வகை, காட்டின் நீளம், பலகையின் அளவு, மொத்த வாற்று ஆகிய ஆறையும் எழுதி, எதிரே ‘பொருந்தும்’ என்று உறுதியான பின்னரே குறியிடுங்கள். குறியிடாத வரி ஒன்றேனும் இருந்தால் பணத்தை எடுக்க வேண்டா.

பெற்றோரே! அத்தாளைப் பிள்ளையே எழுதி உங்களுக்கு விளக்கட்டும். விளக்கத் தெரியாத பிள்ளை இன்னும் ஒரு மாதம் படிக்கட்டும். விளக்கத் தெரிந்த பிள்ளையோ, நாளை ஓர் உறுப்புப் பழுதானால் எது பழுது என்று தானே கண்டறிவான்; ஐந்தாண்டு கழித்து முழுப் பெட்டியையும் எறியாமல், வேண்டிய ஒன்றை மாத்திரம் மாற்றிக்கொள்வான். தோட்டத்து இயந்திரத்தைத் தாமே கழற்றிப் பூட்டி ஓட்டிய தகப்பனுக்கு இவ்வறிவின் விலை நன்கு தெரியும்.