சட்டத்தில் உண்டு, சாவடியில் இல்லை

ஒரு நாட்டில் சுதந்திரம் இருக்கிறதா என்று கேட்டால், அந்நாட்டவர் அரசியல் சாசனத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். வெளியிலிருந்து வருகிறவருக்கு அந்தச் சாசனத்தின் மேல் தனிப் பற்று கிடையாது. எழுதியிருப்பது தெருவில் நடக்கிறதா என்று பார்ப்பார். பிரெஞ்சுக்காரரான அலெக்சி டி டோக்வில் அப்படிப் பார்த்தவர். 1831 மே மாதம், 25 வயதில், நண்பர் குஸ்தாவ் டி போமோனுடன் அமெரிக்கா போய் இறங்கினார். அரசாங்கம் ஒப்படைத்த வேலை சிறைச்சாலைகளை ஆராய்வது. ஆனால் சுமார் ஒன்பது மாதச் சுற்றலில் அவர் கண்டவற்றிலிருந்து 1835லும் 1840லும் இரண்டு பாகங்களாக ‘அமெரிக்காவில் ஜனநாயகம்’ என்ற நூலே உருவாகிவிட்டது.

நியூ இங்கிலாந்து ஊர்க்கூட்டங்களில் சாலை, பள்ளிக்கூடம், வரி எல்லாவற்றையும் மக்களே பேசி முடிவெடுப்பது அவருக்குப் பிடித்திருந்தது. கைப்பழக்கம் இல்லாத உரிமை துருப்பிடிக்கும் என்பது அவர் கட்சி. அதே அளவுகோலைப் பென்சில்வேனியாவில் வைத்தபோது விடை வேறாக வந்தது. 1780லேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் போட்ட மாநிலம் அது. சுதந்திரக் கறுப்பினத்தவர் வாக்களிக்க அங்கே சட்டத் தடை இருக்கவில்லை. பிறகு ஏன் அவர்களை வாக்குச்சாவடியில் காணோம் என்று உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டார். வந்தால் அடி விழும் என்ற பயம். பெரும்பான்மையின் வெறுப்புக்கு எதிராக அவர்களைக் காக்க அதிகாரிகளுக்குத் தெம்பில்லை. இதுதான் கிடைத்த பதில். 1838இல் மாநிலம் சாசனத்தைத் திருத்தி, வாக்குரிமை வெள்ளையருக்கு மட்டுமே என்று எழுதிவிட்டது. நடைமுறையில் முன்பே பறிபோனது பின்னர் ஏட்டிலிருந்தும் போயிற்று.

சில மாதங்களில் ஒரு தேசத்தை எடைபோட முடியுமா என்ற ஆட்சேபம் நியாயமானது. அவர் அதிகம் பேசியது வக்கீல்கள், நீதிபதிகள், வசதிபடைத்தவர்களோடு. தென்மாநிலங்களை அவசரமாகவே கடந்தார். ஆனால் ஊரிலேயே வாழ்கிறவருக்குப் பழகிப்போன அநியாயம் கண்ணில் படுவதில்லை. வெளியாளான டோக்வில்லின் கண்ணில் பட்டது. அமெரிக்கப் பயணத்தின் குளிர்காலத்தில் மெம்பிஸ் அருகே, 1830ஆம் ஆண்டு வெளியேற்றச் சட்டத்தின்படி துரத்தப்பட்ட சொக்டா பழங்குடியினர், நோயாளிகளும் கைக்குழந்தைகளுமாக, பனிக்கட்டி மிதந்த மிசிசிப்பியைக் கடப்பதைப் பார்த்தார். எல்லாம் ஒப்பந்தப்படி, சட்டப்படி நடந்ததுதான் கொடுமை என்று உணர்ந்தார்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் அல்ஜீரியா. 1830இல் பிரான்ஸ் படையெடுத்த அந்நாட்டுக்கு 1841இல் போன டோக்வில், பயிரை எரிப்பதையும் ஆயுதமில்லாத ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் பிடிப்பதையும் தவிர்க்க முடியாத துரதிருஷ்டங்கள் என்று நியாயப்படுத்தினார். பிரெஞ்சு ஆட்சி அங்குள்ள முஸ்லிம் சமூகத்தை முன்னைவிடச் சீரழித்துவிட்டது என்று 1847இல் அறிக்கை எழுதியபோதும் பிரெஞ்சுக் குடியேற்றத்துக்கான ஆதரவை அவர் கைவிடவில்லை. இதனால் மெம்பிஸில் அவர் கண்டது பொய்யாகிவிடாது. அமெரிக்காவில் பிரான்சுக்கு ஆதாயம் எதுவும் இல்லாததால் கண் தெளிவாக இருந்தது. அல்ஜீரியாவில் ஆதாயம் இருந்தது, கண் மங்கியது. இன்னொரு நாட்டின் சுதந்திரத்தைப் பற்றி யார் தீர்ப்புச் சொன்னாலும், அந்த மண்ணில் அவருடைய அரசுக்கு என்ன லாபம் என்று கேட்டுவிட்டே காது கொடுக்க வேண்டும்.