3 + 4 = 7 தானா?

3 நியூட்டன், 4 நியூட்டன் விசைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் தொகுபயன் 7 என்று எழுதி, மார்க்கைக் கோட்டை விட்டவர்களில் நானும் ஒருவன்! விசை ஒரு வெக்டர். திசை பார்க்காமல் கூட்டக்கூடாது. முதலில் படம் போடுங்க. 9 + 16 = 25; வர்க்கமூலம் 5. விடை 5 நியூட்டன்.

அலைகளுக்கும் இதே கதைதான். முகடோடு முகடு சேர்ந்தால் ஒலி கூடும். முகடோடு அகடு சேர்ந்தால் குறையும்.

கணக்கு: ஒரே கட்டத்தில் ஒலிக்கும் 2 ஸ்பீக்கர்கள். அதிர்வெண் 340 ஹெர்ட்ஸ், ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். அப்படின்னா அலைநீளம் 340 ÷ 340 = 1 மீட்டர். பாதை வேறுபாடு 1 மீட்டர் என்றால் சத்தம் அதிகம். அரை மீட்டர் என்றால் மிகக் குறைவு.

வெக்டருக்குத் திசை, அலைக்குப் பாதை வேறுபாடு. பார்த்துட்டுக் கூட்டுங்க, மார்க் நம்ம கையில்!