நம்ம வீட்டு மரப்பாச்சி எந்த மலையில் பிறந்தது, தெரியுமா?

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி காலத்து மரப்பாச்சி ஜோடி இருக்கிறதா? கருஞ்சிவப்பாய், மூக்கு மழுங்கி, கைக்கு அடக்கமாக, ஆனால் அளவுக்கு மீறிய கனத்தோடு? இருந்தால் ஒரு நிமிஷம் கையில் எடுத்துக்கொண்டு மேலே படியுங்கள். உலகத்தில் வேறெங்கும் தானாக முளைக்காத ஒரு மரத்தின் வைரம் உங்கள் கையில் இருக்கலாம்! அந்த மரம் வளரும் மலை எங்கே இருக்கிறது தெரியுமா? அம்பத்தூர், ஆவடியைக் கடக்கும் அதே சி.டி.எச். (சென்னை–திருவள்ளூர்) ரோட்டில் திருவள்ளூர், திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா என்று போய்க்கொண்டே இருந்தால் வந்துவிடும். பூந்தமல்லிக்காரர்கள் திருமழிசை வழியாகத் திருவள்ளூரில் சேர்ந்துகொள்ளலாம்.

போன நவராத்திரி முடிந்து கொலுவை இறக்கிய வாரம், நானும் அம்மாவும் என் மகளும் கிளம்பினோம். நாங்கள் போனது திருப்பதியைத் தாண்டி, பாகராப்பேட்டை மலைப்பாதை ஏறி, சேஷாசல மலையில் இருக்கும் தலகோனா. அம்பத்தூரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர்தான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ராத்திரி முழுக்க பஸ்ஸில் இடுப்பொடியப் போகிற நாம், காலை டிபனை வீட்டில் முடித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரக்கூடிய மலையை இத்தனை நாள் விட்டுவைத்திருக்கிறோமே!

அங்கே வனத்துறை விருந்தினர் விடுதி இருக்கிறது. உள்ளூர்க் கிராமத்து ஆட்களே பார்த்துக்கொள்கிறார்கள். சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழிப் புலுசும் வரும். சங்கட்டி என்றால் நம்ம கேழ்வரகுக் களிதான், உள்ளே சோறு சேர்த்துக் கிண்டியது. சாயங்காலம் ஐந்தரைக்குக் காடு ஒருமுறை மூச்சை அடக்கிக்கொள்கிறது. குரங்குகள் அடங்கிவிடும், பூச்சிகள் இன்னும் தொடங்கியிருக்காது. அந்த இடைவெளியில், எங்கோ மேலே அருவி விழுகிற சத்தம் மட்டும் திண்ணைக்கு வந்து சேர்கிறது. அம்பத்தூர் எஸ்டேட் ஷிப்ட் சங்குக்கும் லாரி ஹாரனுக்கும் பழகிய என் அம்மா, "காது அடைச்சுப்போன மாதிரி இருக்குடி" என்றாள்.

மறுநாள் காலை வழிகாட்டியாக வந்த பெரியவர் ஒரு மரத்தடியில் நின்றார். முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்த கறுத்த பட்டை. கிளையில் சின்ன அப்பளங்கள் போல வட்டக் காய்கள், நடுவில் மட்டும் ஒரு புடைப்பு. "எர்ரசந்தனம்மா, தொட்டுப் பாருங்க" என்றார். செஞ்சந்தனம்!

முகர்ந்து பார்த்தோம். வாசனையே இல்லை! ஆமாம், செஞ்சந்தனத்துக்கு மணம் கிடையாது, தெரியுமா? நெற்றியில் இடுகிற சந்தனத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அந்தச் சந்தனம் பக்கத்து மரங்களின் வேரைப் பிடித்து உறிஞ்சி வளர்கிற பாதி ஒட்டுண்ணி. இதுவோ அவரை, வேர்க்கடலைக் குடும்பம், நம்ம வேங்கை மரத்தின் தாயாதி! மண் அதிகமில்லாத கற்சரிவில், வெயில் கொளுத்துகிற இடத்தில்தான் நன்றாக வைரம் பாயும். அதற்கே பல பத்தாண்டுகள் ஆகும். பாய்ந்துவிட்டால் அந்த வைரக்கட்டை தண்ணீரில் மிதக்காது, கல்லைப் போல மூழ்கிவிடும்!

அதன் சிவப்புச் சாயம் எங்கெங்கே போயிருக்கிறது தெரியுமா? ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ராஜாக்களின் விருந்துக் குழம்புக்கு நிறம் ஏற்றியது. ஸ்வீடனில் மீன் ஊறுகாய்க்கு இன்றும் இதைச் சேர்க்கிறார்கள். சாயம் மட்டுமல்ல, கட்டையும்தான்: ஜப்பானியர் தங்கள் மூன்று தந்தி வாத்தியமான ஷாமிசெனின் கழுத்துக்கு இந்த மரத்தைத்தான் உயர்வாக மதிக்கிறார்கள். சீனாவில் அரண்மனை மேஜை நாற்காலிகள். நம்ம வீட்டில்? பல் முளைக்கிற குழந்தை கடித்து விளையாட மரப்பாச்சி! வீக்கம் வந்தால் கல்லில் இழைத்துப் பூச அதே மரப்பாச்சி!

இப்படி ஒரு மரம் சேஷாசலம், பாலகொண்டா, நல்லமலை என்று ஆந்திராவின் தென்பகுதி மலைகளிலும், அவற்றை ஒட்டிய நம் பக்கத்துக் கொஞ்சம் காடுகளிலும்தான் இயற்கையாக இருக்கிறது. பூமியில் வேறெங்கும் இல்லை. அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலிலும் இது இருக்கிறது.

செஞ்சந்தனக் கடத்தலைக் கதையாக்கிய 'புஷ்பா' படம் பார்த்துவிட்டு இதெல்லாம் தெரியும் என்கிறீர்களா? அந்தக் காட்டுக் காட்சிகளில் பெரும்பகுதியை எடுத்தது கோதாவரிப் பக்கம் மாரேடுமில்லியில். அங்கே செஞ்சந்தனக் காடே இல்லை!

ஒன்றைச் சொல்லாமல் இந்த மரத்தைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று இதே சேஷாசலக் காட்டில் மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள். அதில் பலர் மலைவாழ் பழங்குடிகள். தோளில் கட்டை சுமக்கிறவனுக்குக் கிடைப்பது கூலி. கப்பலில் ஏற்றுகிறவனுக்குக் கிடைப்பது கோடி. காட்டில் விழுந்தது கூலிக்காரன்தான். எங்கள் பெரியவர் அந்தப் பேச்சு வந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

அருவிக்குப் போகிற வழியில் ஒரு ராட்சதக் கொடி. கொடி என்றால் பந்தல் கொடி இல்லை, என் மகள் இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது. மரத்துக்கு மரம் மலைப்பாம்பு மாதிரி தாவிப் போகிறது. இதன் காய் ஒரு மீட்டருக்கு மேல் நீளும், தெரியுமா? இதன் சொந்தக்காரக் கொடி ஒன்றின் விதைகள் கடலில் விழுந்து மிதந்து நார்வே கரை வரை போய் ஒதுங்கியிருக்கின்றன!

அருவி 270 அடி. ஆந்திராவிலேயே உயரமானது என்கிறார்கள். நம் பக்கத்து ஜனங்கள் ஊத்துக்கோட்டை வழியாகப் போய்க் குளிக்கிற கைலாசகோனாவை இதன் பக்கத்தில் வைத்தால் குழாயடி. சாரல் முகத்தில் அடித்ததும் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

இனி வருவதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். ரிச்சர்ட் ஹென்றி பெடோம் என்று ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. பிறகு சென்னை மாகாணத்துக் காடுகளுக்கே தலைமை அதிகாரியானவர். கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில் வாழும் ஒரு பெரிய பல்லியைப் பற்றி 1870இல் முதலில் எழுதிவைத்தார். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேலாக விஞ்ஞானிகள் கண்ணில் அது படவே இல்லை! 1980களில் திருமலைப் பாறை இடுக்கில் மறுபடி கண்டுபிடித்தார்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பல்லி அப்படியே மஞ்சள் தகடாக மின்னும். பொன்பல்லி! காஞ்சி வரதராஜர் கோயில் விதானத்தில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிடுகிற நமக்கு, உயிரோடு ஒரு தங்கப் பல்லி இவ்வளவு பக்கத்தில் இருப்பது தெரியுமா? அதன் பேரினத்தில் அதற்கு ஒரே ஒரு உடன்பிறப்புதான் உண்டு. அது வாழ்வது கடல் தாண்டி, இலங்கையில்! பாறையும் பாறையும் ஒரு காலத்தில் கைகோத்திருந்ததற்கு இதைவிட அழகான சாட்சி என்ன வேண்டும்?

அதே பெடோம் பெயரில் ஒரு செடியும் இங்கே உண்டு. பனங்கன்று மாதிரி தெரியும், பனை கிடையாது. பூக்காது, கூம்பு விடும். ஆண் தனி, பெண் தனி. டைனோசர்களுக்கும் முந்திய குலம்! சேஷாசலம் சார்ந்த மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லை. காட்டுத்தீ வந்தாலும் பழைய இலைக் காம்புகளே கவசமாக நின்று தண்டைக் காப்பாற்றிவிடும். மனிதன் கையிலிருந்து காப்பாற்றத்தான் கவசம் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று கேட்டு வாங்குகிறோமே, அது இந்தக் குலத்தின் ஆண் கூம்பு. அந்த ஆசைக்கு இந்த அரிய இனத்தின் கூம்பையும் வெட்டிக்கொண்டு போகிறார்கள். கூம்பு போனால் மகரந்தம் ஏது, விதை ஏது? இந்தத் தகவலைப் படித்த நாளிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு பிசைகிறது.

கடுக்காயில் ஓர் இனம், நாவலில் ஓர் இனம், குங்கிலியத்தில் ஓர் இனம் என்று கிழக்குத் தொடர்ச்சியின் இந்தப் பகுதிக்கே உரியவை இன்னும் இருக்கின்றன. 2010இல் 4,755 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள்.

திரும்பும்போது திருமலை ஏறினோம். மலைப்பாதையில் லட்டு நினைப்பில் கடந்துபோகிற ஒரு பாறைச் சுவர் இருக்கிறது. கீழடுக்குக்கும் மேலடுக்குக்கும் நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டில் மட்டும் தொலைந்துபோன காலம் சுமார் 80 கோடி ஆண்டு! தேசிய நிலவியல் சின்னம் அது. மகள் ஜன்னல் வழியே கையை நீட்டி, "இந்த விரல் அந்தப் பக்கம், இந்த விரல் இந்தப் பக்கம்" என்று அளந்துகொண்டே வந்தாள்.



வீடு வந்த ராத்திரியே பரணிலிருந்து அம்மாவின் மரப்பாச்சியை இறக்கினோம். பெண் பொம்மையின் தலையில் பல் பதிந்த தடம் இருக்கிறது. என்னுடையதா, அம்மாவுடையதா என்று இன்றுவரை தீராத வழக்கு. பக்கெட்டில் தண்ணீர் பிடித்தோம். மகள் மெதுவாக விட்டாள்.

'டொக்' என்று அடியில் போய் உட்கார்ந்தது.