விட்டுவைத்த நூல்முனை

கன்னியாகுமரி மாவட்டத்து இரணியலில் கைத்தறி ஓடும் வீடு ஒன்றுக்கு, பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) தீரப்போகிற நேரமாகப் பார்த்துப் போனால் ஒன்றைக் கவனிக்கலாம். நெய்கிறவர் பாவைக் கடைசி வரை நெய்துவிடமாட்டார். சீப்புப் போன்ற அச்சிலும், கண் வைத்த விழுதிலும் கோத்திருக்கும் நூலில் கொஞ்சத்தை அப்படியே விட்டுவைப்பார். துணியாகாத நூல் வீண்தானே என்று நமக்குத் தோன்றும். அந்த மிச்சத்தில்தான் பெரிய சங்கதி இருக்கிறது.

மக்களே, ஒரு கணக்குப் போடுவோம். ஒரு துவர்த்தின் (துண்டின்) அகலம் 30 அங்குலம், அங்குலத்துக்கு 40 பாவு நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1200 நூல். ஒவ்வொரு நூலும் விழுதின் கண்ணுக்குள் நுழைந்து, பிறகு அச்சின் பல்லிடுக்கு வழியாக வெளியே வரவேண்டும். வரிசை மாறினால் நெசவு கெடும். பாவு தீரும்போதெல்லாம் இந்த 1200 நூலையும் முதலிலிருந்து கோக்க வேண்டும் என்றால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும்.

அதனால் கோக்க மாட்டார்கள். விட்டுவைத்த பழைய நூல்முனையோடு புதுப் பாவின் நூல்முனையைச் சேர்த்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, வழுக்காமல் இருக்கக் கொஞ்சம் சாம்பல் தொட்டு, ஒரு முறுக்கு முறுக்குவார்கள். ஒரு நூல் முடிந்ததும் அடுத்தது. இதற்குப் பாவு பிணைத்தல் என்று பெயர். எல்லா நூலும் பிணைந்த பிறகு மெல்ல இழுத்தால், பழைய நூல் போன வழியிலேயே புது நூல் அத்தனையும் விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் போய்ச் சேர்ந்துவிடும். தறி வெறுமையிலிருந்து மறுபடி தொடங்குவதே இல்லை.

  இப்போது இரணியலில் தறிச் சத்தம் குறைந்துவிட்டது. ஆனால் தொடக்கத்தை எப்படி எளிதாக்குவது என்பதற்குப் பாவு பிணைத்தலைவிட நல்ல பாடத்தை நான் பார்த்ததில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். காலாண்டு விடுமுறை. அறிவியல் ரெக்கார்டு நோட்டில் எட்டுப் படம் வரைய வேண்டும். முதல் நாள் "பின்னே செய்யலாம்". இரண்டாம் நாளும் அதே. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ராத்திரி அழுகை. வீட்டில் இதற்கு மடி என்று பெயர் சொல்லித் திட்டுவார்கள். ஆய்வாளர்கள் அப்படிச் சொல்வதில்லை. ஒரு வேலையை நினைத்ததும் சலிப்போ, பயமோ, நமக்கு வராது என்ற எண்ணமோ மனதில் எழும்புகிறது. வேலையைத் தள்ளிவைத்த உடனே அந்தக் கஷ்டம் போய்விடுகிறது. அந்த நிம்மதி இப்போதே கிடைக்கிறது. திட்டு விழப்போவது அடுத்த வாரம். பக்கத்தில் இருப்பதற்கு அதிக மதிப்புக் கொடுப்பது மனித மூளையின் சுபாவம். ஆகவே தள்ளிப்போடுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வது, என் கருத்தில், தவறு மட்டுமல்ல, உதவாத பேச்சும்கூட.

ஜெர்மனியில் போஹும் என்ற நகரத்து ரூர் பல்கலைக்கழகத்தில் 264 பேருடைய மூளையைப் படம் எடுத்துப் பார்த்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செயலால் என்ன கெடுதல் வருமோ என்று எச்சரிக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி, காரியத்தைத் தொடங்கத் தயங்குகிறவர்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அமிக்டலா பெரிதாக இருப்பதால்தான் தயங்குகிறார்கள் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, அவ்வளவே.

சரி, அந்த மலைப்பை எப்படிக் குறைப்பது? உங்களைப் போன்ற பள்ளிப் பிள்ளைகளை வைத்தே ஒரு சோதனை நடந்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ஆல்பர்ட் பாண்டுராவும் டேல் ஷங்க்கும் 1981-ல் வெளியிட்டது. கழித்தல் கணக்கு வராத, கணக்கு என்றாலே பிடிக்காத 40 பிள்ளைகள். ஏழிலிருந்து பத்து வயதுக்குள். அவர்களுக்குத் தாமாகவே படித்துப் போடும்படி 42 பக்கக் கழித்தல் பாடம் கொடுத்தார்கள். ஏழு அமர்வுகள். ஒரு குழுவிடம், ஒவ்வொரு அமர்விலும் 6 பக்கம் முடிக்கப் பாருங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம், ஏழாவது அமர்வு முடிவதற்குள் 42 பக்கத்தையும் முடிக்கப் பாருங்கள் என்றார்கள். மூன்றாவது குழுவுக்கு இலக்கு எதுவும் சொல்லவில்லை. நாலாவது குழுவுக்குப் பாடமே கொடுக்கவில்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

42-ஐ ஆறால் வகுத்தால் ஏழு. இரண்டு குழுவுக்கும் வேலை ஒன்றேதான், கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் ஒரு பக்கம் வித்தியாசம் இல்லை. ஆனால் ஆறாறு பக்கமாகப் போன பிள்ளைகள்தான் கழித்தலில் முந்தி நின்றார்கள். என்னால் முடியும் என்ற எண்ணமும் அவர்களுக்கே அதிகம். அப்புறம், விருப்பப்பட்டால் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டபோது, கணக்கைத் தாமாகவே எடுத்துப் போட்டவர்களும் அவர்கள்தான். மொத்தமாக 42 என்று கேட்ட குழு, இலக்கே இல்லாத குழுவைவிட மேலே போகவில்லை. கணக்குப் பிடிக்காத பிள்ளைக்குக் கணக்குப் பிடித்துப்போகிறது பாருங்கள், எனக்கு இதைப் படிக்கிறபோதெல்லாம் மனசு நிறைகிறது.

இனி, தொடங்கிய பிறகு என்ன நடக்கிறது? பெர்லினில் குர்ட் லெவின் என்ற உளவியல் பேராசிரியரிடம் படித்த இரண்டு பெண்கள் இதை ஆராய்ந்தார்கள். ப்ளூமா ஸெய்கார்னிக் 1927-ல், பாதியில் நின்ற வேலை முடிந்த வேலையைவிட நன்றாக நினைவில் நிற்கிறது என்றார். மரியா ஒவ்சியான்கினா 1928-ல் வேறொன்றைக் கவனித்தார். ஆட்களுக்குச் சிறு வேலைகளைக் கொடுத்து, நடுவிலே நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தால், யாரும் சொல்லாமலே பலர் அந்த வேலைக்குத் திரும்பிப் போனார்கள். பிற்காலத்தில் இந்த வகை ஆய்வுகளை எல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஸெய்கார்னிக் சொன்ன நினைவு விஷயம் உறுதிப்படவில்லை. ஒவ்சியான்கினா கண்ட ஆசை மட்டும் நிலைத்து நின்றது. விட்ட வேலை நம்மைத் திரும்பக் கூப்பிடத்தான் செய்கிறது.

ஆனால் கூப்பிட வேண்டுமென்றால் அது தொடங்கியிருக்க வேண்டுமே! தொடாத ரெக்கார்டு நோட்டு யாரையும் கூப்பிடாது. ஆகவே முதல் நாள் எட்டுப் படத்தையும் நினைக்க வேண்டாம். நோட்டைத் திறந்து தேதியும் தலைப்பும் எழுதி, முதல் படம் பூ என்றால் அதன் காம்புக்கு மட்டும் ஒரு கோடு போடுங்கள். அதற்கு மேல் மனசு வந்தால் வரையுங்கள். வராவிட்டால் பென்சிலை அந்தப் பக்கத்திலேயே வைத்து மூடுங்கள். வரைந்துகொண்டே போகிறவர்கள் ஒரு படத்தை முடித்த இடத்தில் எழுந்திருக்க வேண்டாம். அடுத்த படத்துக்கு இரண்டு கோடு போட்டுவிட்டு எழுந்திருங்கள். மறுநாள் பிணைக்க ஒரு முனை இருக்கும்.

எப்போது, எங்கே என்றும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். "சாயங்காலம் காப்பி குடித்ததும், திண்ணையில்" என்பது போல. இதையும் ஜெர்மனியில் சோதித்திருக்கிறார்கள், பேட்டர் கோல்விட்ஸர் என்பவரும் அவருடன் ஆய்வு செய்தவரும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டார்கள். நேரமும் இடமும் குறித்துக்கொண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் சொன்ன காலத்துக்குள் எழுதினார்கள். குறித்துக்கொள்ளாதவர்களில் பத்துக்கு மூன்று பேர்தான்.

ஒவ்சியான்கினாவின் சோதனையை நீங்களும் செய்யலாம். வகுப்பில் பத்துப் பேரிடம் ஆளுக்கொரு நூலும் நிறையப் பாசிமணியும் கொடுத்து, மாலை கோக்கச் சொல்லுங்கள். ஐந்து பேரை முக்கால் மாலை கோத்ததும் நிறுத்துங்கள். மற்ற ஐந்து பேரை நாலைந்து மணி கோத்ததுமே நிறுத்துங்கள். காரணம் சொல்ல வேண்டாம். மணியையும் நூலையும் மேசையிலேயே விட்டுவிட்டு, வேறு பேச்சுப் பேசியபடி பத்து நிமிஷம் ஓரமாக நின்று பாருங்கள். எந்தக் குழுவில் எத்தனை பேர் தாமாகத் திரும்பி வந்து மணியைக் கையில் எடுத்தார்கள் என்று எண்ணி எழுதி, எங்களுக்கு அனுப்புங்கள்.